புளியங்கொட்டைக்கு ஞாபகம் கிடையாது

12 பிப்ரவரி 2024, திங்கள்

இன்று என் மகள் தேனுவுக்கு ரத்தம் ஏற்றும் நாள். காரிமங்கலத்தில் ஏழரை பஸ்ஸைப் பிடித்து தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்களுக்கு முன்னாலேயே நாலு குழந்தைகள். தேனு இப்போதெல்லாம் ஊசிக்கு அழுவதில்லை. "இந்தக் கை வேணாம் சிஸ்டர், போன தடவ இதுலதான் போட்டீங்க" என்று அவளே மறு கையை நீட்டுகிறாள். ஆறு வயது. எட்டாம் மாதத்திலிருந்து இருபத்தோரு நாளைக்கு ஒரு முறை இதே பாடு. தலசீமியா. அவள் உடம்பில் தானாக ஊற வேண்டிய ரத்தத்தை ஊராரிடம் வாங்கி ஏற்றுகிறோம். அடுத்த தேதிக்குக் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டாயிற்று. மார்ச் 4.

வீட்டுக்கு வந்தால் அத்தை பேரீச்சம்பழப் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "ரத்தம் ஊறட்டுன்டி." எத்தனை தடவைதான் சொல்றது! இவளுக்கு இரும்புச்சத்து ஆவாது, ஏத்துற ரத்தத்துலயே அது தேவைக்கு மேல சேருதுன்னு! சண்டை. கடைசியில் வழக்கமான வார்த்தை: "எங்க வூட்ல யாருக்கும் இப்படி இல்ல. எல்லாம் உங்கம்மா வூட்டு ரத்தம்."

அத்தை எனக்கு மாமியார் மட்டும் இல்லை. எங்கப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அவர்கள் பையன் முனிராஜைத்தான் கட்டிக்கொண்டேன். முறை மாப்பிள்ளை. முறை இருந்தால் எங்கள் ஊரில் அதற்கு மேல் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

26 பிப்ரவரி

நாள் தள்ளிப் போயிருந்தது. மருந்துக்கடை அட்டையில் ரெண்டு கோடு.

முனிராஜ் மாமா தக்காளி லோடு இறக்கிவிட்டு வந்து, வேனைக்கூடக் கழுவாமல் நின்றிருந்தார். சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. "பயப்படாத சசி. நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாங்கல்ல? அந்த ஒண்ணு தேனுவோட முடிஞ்சுது. இனி மூணு புள்ளைக்குக் கவலையே இல்ல."

நானும் இத்தனை வருஷமாக அப்படித்தான் கணக்கு வைத்திருந்தேன். அப்புறம் எதற்குத் தேனுவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையெல்லாம் எடுத்து விரித்து வைத்திருக்கிறேன்?

4 மார்ச்

வார்டில் ஆஃப்ரின் சிஸ்டர் இருந்தாள். என்னைவிட ரெண்டு வயது சின்னவள். நோயைப் பற்றிப் பெற்றவர்களுக்கு விளக்கிச் சொல்வது அவள் வேலை. மாமாவின் கணக்கைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அக்கா, நாலுல ஒண்ணுங்கிறது ஒவ்வொரு குழந்தைக்கும் புதுசா. முன்னாடி பொறந்தது இந்தக் கணக்குல வராது."

"அதெப்படிங்க வராம போவும்?"

ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டாள். எனக்குள் ரெண்டு: ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. மாமாவுக்குள்ளும் அப்படியே. ஆளுக்கு ஒன்று பிள்ளைக்குக் கொடுக்கிறோம், எதைக் கொடுப்போம் என்று நமக்கே தெரியாது. ரெண்டு கெட்டதும் சேர்ந்தால்தான் நோய். பன்னிரண்டு வாரத்துக்குள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் கர்ப்பத்திலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்களாம்.

பஸ்ஸில் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தெரிந்து மூன்று விதம்தான்: ரெண்டும் கெட்டது, ரெண்டும் நல்லது, ஒன்று அப்படி ஒன்று இப்படி. மூன்று விதம் என்றால் மூன்றில் ஒன்றுதானே? இவள் ஏன் நாலு கட்டம் போட்டாள்? பிளஸ் டூவில் கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணினவள் நான், யாரைப் போய்க் கேட்பேன்?

6 மார்ச்

வாசலெல்லாம் புளி. நாலு மரத்துக் காய் தட்டி, நானும் அத்தையும் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். தாயம் ஆடுவதற்கு தேனு கொட்டைகளைக் கல்லில் ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பக்கம் வெள்ளை, மறு பக்கம் கறுப்பு.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அட, இதுதானே அது!

பெரிய கொட்டை நான், சின்னது மாமா. வெள்ளை விழுந்தால் கெட்டதைக் கொடுத்தோம். கறுப்பு என்றால் நல்லது. முதலில் எடுத்த கொட்டை ஒன்று கோணல், போட்ட போதெல்லாம் வெள்ளை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பத்துப் பதினைந்து கொட்டையைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, ஒழுங்காக விழுகிற ரெண்டைப் பொறுக்கினேன். நூறு தடவை போட்டேன். அத்தை, "இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றார்கள். பிடிக்கட்டும்.

என் கணக்குப்படி மூன்றும் முப்பத்து மூன்று முப்பத்து மூன்றாக வர வேண்டும். வந்தது:

ரெண்டும் வெள்ளை – 22
ரெண்டும் கறுப்பு – 29
ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பு – 49

நாற்பத்தொன்பது! இது மட்டும் ஏன் ரெட்டிப்பு? குறித்து வைத்ததைத் திரும்பப் பார்த்தேன். என் கொட்டை வெள்ளை, அவருடையது கறுப்பு: 26. என்னுடையது கறுப்பு, அவருடையது வெள்ளை: 23. ஒரு விதம் என்று நான் நினைத்தது ரெண்டு விதம். என்னிடமிருந்து வருவது வேறு, அவரிடமிருந்து வருவது வேறு. அதனால்தான் நாலு கட்டம்.

புளிக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் இந்தக் கொட்டைகளிடம் போய் நாலாகப் பிரிந்து விழுங்கள் என்று சொல்லவில்லை. எது எப்போது விழும் என்று சாமிக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் நூறு தடவை போட்டால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு.

7 மார்ச்

இன்னும் ஒன்று பார்த்தேன். ரெண்டும் வெள்ளை விழுந்த 22 தடவையிலும் அதற்கு அடுத்த தடவை என்ன விழுந்தது? மாமா சொன்னபடி என்றால் ரெண்டும் வெள்ளையாக மறுபடி வரக்கூடாது.

ஆறு தடவை வந்திருக்கிறது. ஒரு இடத்தில் தொடர்ந்து மூன்று தடவை.

கொட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை என்ன விழுந்தோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? தேனு எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? "இவங்க ஏற்கெனவே பட்டுட்டாங்க, விட்டுடுவோம்" என்றெல்லாம் இல்லை. பயமாக இருக்கிறது. ஆனால் ஏமாந்து இருப்பதற்கு இது மேல்.

மாமாவிடம் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்தார். "கணக்குப் போட்டா புள்ளை மாறிடுமா சசி?" என்றார். மாதேஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாராம். சரி, அவர் அதைச் செய்யட்டும். நான் இதைச் செய்கிறேன்.

10 மார்ச்

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்கள். "ஒத்தக் கொட்டை வெள்ளையா வுழுந்தா?"

"ஒண்ணும் ஆவாதுங்க அத்தை. நோய் வராது. என்னை மாதிரி, அவரை மாதிரி இருக்கலாம்."

"அப்ப முனிராஜு கிட்டயும் ஒண்ணு இருந்தாத்தான்..."

"ஆமாங்க."

"அவனுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஆறு வருஷமாகக் கேட்ட வார்த்தையெல்லாம் தொண்டை வரை வந்தது. சொல்லியிருக்கலாம், சரியான சமயம். ஆனால் அவர்கள் விரல் வெங்காயத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

25 மார்ச்

தேனுவோடு அத்தையும் பஸ் ஏறினார்கள். யாரும் கூப்பிடவில்லை. வார்டில் ரவிக்கைக் கையை ஏற்றிக்கொண்டு, "எனக்கும் எடுத்துப் பாருங்க சிஸ்டர்" என்றார்கள்.

30 மார்ச்

ரிசல்ட் வந்துவிட்டது, அத்தையிடமும் அந்தக் கெட்டது ஒன்று இருக்கிறது. எங்கப்பாவிடமிருந்து எனக்கு, அத்தையிடமிருந்து மாமாவுக்கு. ரெண்டும் ஒரே வீட்டிலிருந்து, எங்கள் தாத்தா கருப்பண்ணன் வீட்டிலிருந்து, கிளம்பியிருக்க வேண்டும்.

சாயங்காலம் அத்தை எனக்கு மட்டும் தனியாக டீ போட்டு வைத்திருந்தார்கள்.

2 ஏப்ரல்

ஆஃப்ரின் போனில் இன்னொன்றும் சொன்னாள். கூடப்பிறந்த பிள்ளைக்குப் பொருத்தம் சரியாக இருந்தால், அதன் எலும்பு மஜ்ஜையை தேனுவுக்கு வைக்கலாம். அப்புறம் ரத்தமே ஏற்ற வேண்டாம். அந்தப் பொருத்தமும் நாலில் ஒன்றாம்.

"நானோ அவரோ குடுக்க முடியாதா?"

"பெத்தவங்க பாதிதான் பொருந்துவாங்க அக்கா. முழுசாப் பொருந்துறது கூடப் பொறந்ததுதான்."

பொங்கலுக்கு மாட்டுக்கொம்புக்கு அடித்த பெயிண்ட் மிச்சம் இருந்தது. நாலு கொட்டைக்கு நாலு நிறம் அடித்தேன். மாமாவுக்கு சிவப்பு, பச்சை. எனக்கு மஞ்சள், நீலம். தேனு ஒன்று அவரிடமிருந்து, ஒன்று என்னிடமிருந்து வாங்கியிருக்கிறாள், பச்சை மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பிள்ளைக்கும் பச்சை மஞ்சளே விழ வேண்டும். ஆமாம், நாலில் ஒன்றுதான்.

ரெண்டும் சேர்ந்து நடக்க? நோய்க்கு நாலு வரிசை, பொருத்தத்துக்கு நாலு வரிசை. பதினாறு கட்டம். நோயும் இல்லாமல் பொருந்தவும் செய்கிற கட்டம் மூன்றே மூன்று.

பதினாறில் மூன்று. சீ, என்ன பொம்பளை நான்! வயிற்றில் இருப்பதற்கு இன்னும் முகம்கூட வந்திருக்காது, அதற்குள் அதை வேலைக்கு அனுப்பப் பார்க்கிறேன்.

9 ஏப்ரல்

வேலூர். நீள ஊசி. மாமா என் கையைப் பிடித்திருந்தார், அவர் கைதான் வேர்த்தது. மோசமாக வந்தால் என்ன செய்வோம் என்று ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எழுதவும் முடியவில்லை.

19 ஏப்ரல்

ஓட்டுப் போட்டோம். விரலில் மை. ரிசல்ட் இன்னும் வரவில்லை. எங்கள் ரிசல்ட்டைச் சொல்கிறேன்.

26 ஏப்ரல்

நோய் இல்லை! நோய் இல்லை! ஒற்றைக் கொட்டைதான் வெள்ளை. என்னை மாதிரி, அவரை மாதிரி, அத்தையை மாதிரி.

மாமா வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து பதினாறு கட்டத்தை எடுத்தேன். நோய் வரிசையின் நாலு கட்டத்தையும் அடித்தேன். மிச்சம் பன்னிரண்டு. நல்லது அதே மூன்று. பன்னிரண்டில் மூன்று, நாலில் ஒன்று. ரெண்டும் கறுப்பு வரிசையையும் அடித்துப் பார்த்தேன்: எட்டில் ரெண்டு, அதுவும் நாலில் ஒன்று.

நேற்று வரை பதினாறில் மூன்று, இன்று நாலில் ஒன்று. கூடிவிட்டதே! என்ன மாறியது என்று யோசித்தேன். வயிற்றுக்குள் ஒன்றும் மாறவில்லை. ஜனவரியிலிருந்து அது எதுவோ அதுவாகவே இருக்கிறது. பொருந்துமா பொருந்தாதா என்பதுகூட முடிவாகித்தான் இருக்கும். எனக்குத் தெரிந்தது மாறியது, அதனால் கணக்கு மாறியது. அப்படியென்றால் இந்த நாலில் ஒன்று, பதினாறில் மூன்று எல்லாம் பிள்ளைக்குள் இல்லை. எனக்குத் தெரியாததற்கு நான் வைத்திருக்கும் அளவு.

இதை யாரிடம் சொல்வேன்? அத்தையிடம் சொன்னேன். "சாப்புடுடி மொதல்ல" என்றார்கள்.

22 அக்டோபர்

பையன். மூன்று கிலோ நூறு. மாதேஸ்வரனுக்கு வேண்டினதால் மாது என்று மாமா பெயர் வைத்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை, நல்ல பெயர்தான்.

2 நவம்பர்

நமக்குள் இப்படி இருபத்து மூன்று ஜோடி மூட்டை இருக்கிறதாம், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்கிறோமாம். ஆஃப்ரின் சொன்னது. பால் கொடுத்துக்கொண்டே மனசுக்குள் பெருக்கினேன், முடியவில்லை. அப்புறம் டைரியில். ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு... இருபத்து மூன்றாவது தடவை வந்த எண்: 83,88,608.

கோயிலில் எண்பத்து நாலு லட்சம் பிறவி என்பார்களே! அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, மறுபடி முதலிலிருந்து பெருக்கிப் பார்த்தேன், அதே எண். நான் கொடுப்பதிலேயே எண்பத்து நாலு லட்சம் விதம். மாமா கொடுப்பதில் அதே அளவு. ரெண்டையும் பெருக்கினால் போன் கால்குலேட்டர் இடம் போதாமல் எண்ணுக்கு நடுவில் எழுத்துப் போட்டுக் காட்டுகிறது. அத்தனையிலும் இந்த ஒருத்தன் வந்து, இந்த மூக்கோடு, என் மடியில் விக்கிக்கொண்டிருக்கிறான். நாலில் ஒன்றுக்குப் பயந்தேனே நான், இதைப் பார்க்கவே இல்லையே.

14 டிசம்பர்

பொருத்தம் பார்க்க எங்கள் நாலு பேர் கன்னத்துக்குள்ளும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தார்கள். மாது குச்சியைச் சப்பினான். "எங்களுக்கு எதுக்குங்க?" என்றேன். குடும்பமாகத்தான் பார்ப்பார்களாம், யார் எதைக் கொடுத்தார்கள் என்று தெரிய.

3 பிப்ரவரி 2025

மாது பொருந்தவில்லை.

போனில் அந்த வரியைக் கேட்டதும் மிச்சம் எதுவும் காதில் ஏறவில்லை. நாலில் மூன்று என்று தெரிந்துதானே காத்திருந்தேன்? தெரிந்து என்ன பிரயோஜனம்! கணக்குத் தெரிஞ்சா வலிக்காதுன்னு எவன் சொன்னான்? போனைக் கட் பண்ணிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய் அழுதேன். மாதுவைப் பார்த்து ஒரு நொடி கோபம் வந்தது. அதுக்கும் சேர்த்து அழுதேன்.

திரும்பவும் போன். ஆஃப்ரின். "அக்கா, ஏன் வெச்சுட்டீங்க? நான் முடிக்கவே இல்ல. தேனுவுக்கு முழுசாப் பொருந்துற ஆள் இருக்காங்க."

"யாரு?"

"நீங்க."

4 பிப்ரவரி

நான். நான்தான்.

"பெத்தவங்க பாதிதான்னு நானே சொல்லிட்டேனே அக்கா" என்று ஆஃப்ரினும் அழுதாள். பெரிய டாக்டர் பேசினார். சொந்தத்தில் கட்டினவர்களுக்குச் சில சமயம் இப்படி அமையுமாம். எனக்குள் ஒரு கெட்டது இருந்தாலும் கொடுக்கத் தடையில்லையாம்.

பெயிண்ட் கொட்டைகளை எடுத்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். நாலு நிறம் என்று யார் சொன்னது? நானேதான். அவர் வேறு நான் வேறு என்று வைத்து நாலு டப்பாவையும் திறந்தேன். ஒரே தாத்தாவின் பேரன் பேத்தி நாங்கள்! நோய்க் கொட்டை ரெண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தது என்று என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், மார்ச் 30 பக்கத்தில். இந்தக் கணக்குக்கு வரும்போது அதை மறந்துவிட்டேன்.

நீலத்தைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடித்தேன். இப்போது நான் பச்சையும் மஞ்சளும். தேனு? அவரிடமிருந்து பச்சை, என்னிடமிருந்து மஞ்சள். அவளும் பச்சை மஞ்சள். என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

மத்தியானம் முழுக்க எண்ணினேன். அத்தை கொடுத்ததும் எங்கப்பா கொடுத்ததும் ஒரே நிறமாக இருக்க நாலில் ஒன்று. அதில் தேனு எங்களில் ஒருவர் மாதிரியே விழ, நாலு கட்டத்தில் ரெண்டு. எட்டில் ஒன்று. இத்தனை வருஷம் அந்த எட்டில் ஒன்று அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஊரான் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அத்தையிடம் நிறங்களைக் காட்டினேன். பச்சை ரெண்டையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்கள். "வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கமே" என்றார்கள். அப்புறம், "நோவும் எங்க வூட்ல இருந்துதான் வந்துச்சு. இதுவும் எங்க வூட்ல இருந்துதான் வந்துச்சு. என்னடி இது?"

எனக்குத் தெரியலைங்க அத்தை. எண்ணத்தான் தெரியும். இப்படி ஏன் இருக்கிறது என்று தெரியவில்லை. கை கூப்பணும் போல இருந்தது, யாரைப் பார்த்து என்று தெரியாமல் கூப்பினேன்.

18 ஜூன்

வேலூர். இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். வலிக்கிறது, நன்றாக வலிக்கட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேனு, மொட்டைத் தலையோடு. என்னுடையது பையில் தொங்கி அவளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. "யாரோட ரத்தம் சிஸ்டர்?" என்று எப்போதும் கேட்பாள். இன்று கேட்கவில்லையாம்.

11 ஜூலை

தேனுவுக்குள் ரத்தம் தானாக ஊறத் தொடங்கியிருக்கிறதாம். டாக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னும் பயம் போகவில்லை. நூறு நாள் தாண்டட்டும் என்கிறார்.

9 பிப்ரவரி 2026, திங்கள்

மறுபடி புளி. வாசல் நிறையக் கொட்டை. தேனு பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாதுவுக்குத் தாயம் சொல்லித்தருகிறேன் என்று பழைய டப்பாவைத் திறந்திருக்கிறாள். ஒன்றே கால் வயசுப் பயலுக்குத் தாயமாம்! அவன் ஒரு கொட்டையை வாயில் போட்டுக்கொண்டான். பதறி ஓடி, விரல் விட்டு எடுத்தேன். தேய்த்த கொட்டை. பெரியது, நான் என்று வைத்திருந்தது. அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அதைக் குவியலில் எறிந்தேன். எங்கே போனது என்று தெரியாது, நாளைக்கு மூட்டையோடு சந்தைக்குப் போகும்.

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏண்டி சசி, இந்தக் காலண்டரு எப்ப மாட்டினது?"

"ஜனவரி ஒண்ணாந்தேதிங்க அத்தை. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்குது."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு சிவப்பு வட்டம்கூட இல்லை. போட வேண்டாம் என்று முடிவு பண்ணியதாக நினைவில்லை. மறந்தே போயிருக்கிறேன்.